பெயர் மாறிய வாயில்

கொழும்பு மாநகரிலே வீதிகளின் பெயர் மாறுவது புதிய செய்தியன்று. புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தையாயிற்று. கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையாயிற்று. விக்டோரியா பூங்கா விகாரமகாதேவி பூங்காவாயிற்று. நாட்டின் ஆங்கிலப் பெயர்கூட 1972ஆம் ஆண்டிலே மாறியது. நாம் தமிழில் அன்றும் இலங்கை என்றோம். இன்றும் இலங்கை என்கின்றோம். ஆதலின் அம்மாற்றம் நம் நாவை அதிகம் வருத்தவில்லை. வீதிகளின் சங்கதி அவ்வாறன்று. பழைய பெயரைச் சொல்லி ஓட்டோவில் ஏறுகின்ற முதியவரைப் புதிய பெயரை மட்டுமே அறிந்த இளைஞன் ஏற இறங்கப் பார்ப்பான்; இரண்டொரு கேள்வி கேட்பான்; பின்பு "ஓ, அதுவா!" என்று வண்டியை எடுப்பான். மனிதருக்கிடையே இந்தச் சலுகை உண்டு. இயந்திரங்களுக்கிடையே அது இல்லை. ஓர் எழுத்துப் பிசகினாற் போதும். கேட்ட பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் "அப்படியொன்று இல்லை" என்றே இயந்திரம் விடை கூறும். சில வேளைகளில் விடையே கூறாது. அத்தகைய மௌனம் ஒன்றோடு சில நாட்கள் மல்லாட நேர்ந்த வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

வெள்ளவத்தைக் கால்வாயை அறியாத கொழும்புத் தமிழர் மிகச் சிலரே. காலி வீதிப் பாலத்தின் கீழும் கரையோர ரயில் பாதையின் கீழும் புகுந்து கடலிற் கலக்கும் நீர்நிலை அது. வெயிற் காலத்தில் அதனை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை. மழை தொடங்கியதும் அதன் மதிப்பு உயர்ந்துவிடும். 2010ஆம் ஆண்டு நவம்பரிற் கொட்டிய பெருமழையிலே கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளவே வெள்ளக்காடாயிற்று. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்களை வீடுவாசல் விட்டு வெளியேறச் செய்தது. அதைக் கண்ட பின்னர்தான், கால்வாயை அடுத்த தாழ்ந்த ஒழுங்கையொன்றில் வாழும் நாங்கள் சிலர் கூடி, 2018ஆம் ஆண்டில் ஒரு சிறு கருவியை அமைத்தோம்.

கருவி மிக எளியது. கால்வாய்ச் சுவரிலிருந்து நீண்ட ஓர் இரும்புக் கையின் நுனியிலே, செவிக்குக் கேளாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் உணரி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. நம்மூர் வெப்பத்தில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். நீர்மட்டம் ஒரு மீற்றர் கீழே இருக்குமாயின், சென்ற ஒலி மீண்டு வர ஆறு மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அளந்து, நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் ஒழுங்கையிலுள்ள பதினொரு வீடுகளுக்கும் தொலைபேசிச் செய்தி அனுப்புவது, பெட்டிக்குள் இருக்கும் உள்ளங்கையளவான கணினிப் பலகையின் வேலை. ஒழுங்கையின் கடைசி வீட்டிலே, படுக்கையை விட்டு எழ இயலாத மூதாட்டி ஒருவர் கீழ்த் தளத்தில் இருக்கின்றார். அவரை மேல்மாடிக்குத் தூக்கிச் செல்ல இரண்டு ஆட்கள் வேண்டும். அரை மணி நேரமும் வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத் தருவதே பலகையின் கடமை என்று கொள்ளலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கிச் சென்றதன் பின்னர், கருவியின் மோடம் பழுதடைந்தது. புதிய மோடம் வாங்கினோம். அதனைப் பழைய பலகை அடையாளங் கண்டுகொள்ளவில்லை. காரணம், பலகையில் ஓடிய இயங்குதளத்தின் கரு பழையது.

கரு என்று நான் சொல்வது, ஆங்கிலத்திற் கேர்னல் என வழங்குவது. கணினியின் நினைவகம், கடிகாரம், வாயில்கள், கம்பிகள் அனைத்தையும் தன் கைக்குள் வைத்து, ஏனைய நிரல்களுக்கு அளந்து கொடுக்கும் அடிப்படை நிரல் அது. எமது பலகையில் ஓடியது லினக்ஸ் என்னும் கரு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கி உலகுக்கு அறிவித்தார். இன்று ஒன்பது, பத்துக் கிழமைகளுக்கு ஒரு முறை அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. அவற்றுட் சில பதிப்புகள் மட்டும் நெடுங்காலம் பராமரிக்கப்படும். எமது பலகையில் இருந்தது 4.9 என்னும் பதிப்பு. 2016 டிசம்பரில் வெளிவந்தது. அதன் பராமரிப்பு 2023 சனவரியுடன் நிறுத்தப்பட்டது. அதாவது, அதிற் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இனி இல்லை. புதிய மோடத்தின் பொருட்டும், இந்தப் பாதுகாப்பின் பொருட்டும், 2023 அக்டோபரில் வெளிவந்து நெடுங்காலப் பராமரிப்புப் பெற்ற 6.6 என்னும் கருவை ஏற்றத் தீர்மானித்தோம்.

ஏற்றினோம். மின்சாரம் கொடுத்தோம். மின்விளக்கு எரிந்தது. வேறு எதுவும் நிகழவில்லை.

இவ்வேலையில் எனக்குத் துணை நின்றவர் கொட்டாஞ்சேனையில் கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவர். மயிரிழை போன்ற கம்பியையும் நடுங்காத கையால் ஈயம் பற்றவைக்கக் கூடியவர். பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது செத்துப் போச்சு. வேறொண்டு வாங்குவம்" என்றார்.

"தம்பி, பேசாதவன் எல்லாம் செத்தவனா? முதலில் அது பேசுவதற்கு ஒரு வாயைக் கொடுத்துப் பார்ப்போம்" என்றேன்.

திரையோ விசைப்பலகையோ இல்லாத இத்தகைய பலகைகளுக்கு, பேசுவதற்கென்றே மூன்று கம்பிகளுக்குரிய ஒரு வாயில் உண்டு. அதனைத் தொடர்வாயில் என்பர். ஒரு கம்பி சொல்வதற்கு, மற்றொன்று கேட்பதற்கு, மூன்றாவது இரு பக்கத்துக்கும் பொதுவான நிலக் கம்பி. பலகையின் சொல்லும் கம்பி நமது கணினியின் கேட்கும் கம்பியோடு சேர வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. இதற்கு வேண்டிய யூ.எஸ்.பி. இணைப்பானைப் புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவிற் சொற்ப விலைக்கு வாங்கலாம். வாங்கும்போது அது 3.3 வோல்ற்றில் இயங்குவதா என்று கேட்டு வாங்குதல் அவசியம். பழைய மேசைக் கணினிகளின் தொடர்வாயில் அதனிலும் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்திற் பேசுவது. அதனை நேரே இணைத்தாற் பலகையின் சில்லு கருகிவிடும். இளைஞர் கம்பிகளைப் பற்றவைத்தார். வேகத்தைச் செக்கனுக்கு 1,15,200 பிற்று என அமைத்து மீண்டும் மின்சாரம் கொடுத்தோம். பலகை பேசிற்று.

அது பேசியதன் பொருளை அறிய, கணினிப் பலகை ஒன்று துயிலெழும் முறையை அறிதல் வேண்டும். அஃது ஓர் அஞ்சலோட்டம் போன்றது. முதலில், சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் விழிக்கும். அது ஏற்றி என்னும் நிரலை எழுப்பும். ஏற்றியானது கருவையும், 'சாதன மரம்' என்னும் விவரக் கோப்பையும் நினைவகத்தில் வைத்து, 'கட்டளை வரி' என்னும் துண்டுச் சீட்டு ஒன்றைக் கருவின் கையிற் கொடுத்து, ஒதுங்கிக்கொள்ளும். இந்தப் பலகையில் எந்தெந்தச் சாதனம் எங்கே உள்ளது என்பதைச் சாதன மரம் சொல்லும். எந்த வாயிலிற் பேச வேண்டும், கோப்புகள் எந்த அட்டையின் எந்தப் பகுதியில் உள்ளன என்பதைத் துண்டுச் சீட்டுச் சொல்லும். கரு அவற்றைப் படித்து, வேர்க் கோப்புமுறையைத் திறந்து, முதல் நிரலை ஓடவிட்டால் ஓட்டம் நிறைவெய்தும்.

எமது பலகையில் ஏற்றி நன்றாகவே பேசிற்று. 'கருவைத் தொடக்குகின்றேன்' என்று பொருள்படும் ஒரு வரியை எழுதி, மூன்று புள்ளி வைத்தது. அதற்குப் பின் மௌனம். கோல் கைமாறிய இடத்திலேதான் ஓட்டம் நின்றிருக்கின்றது என்பது தெளிவாயிற்று. மாறிய பின் ஓடவில்லையா, ஓடியும் குரல் வரவில்லையா என்பதே கேள்வி.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. கரு தனது முறையான குரலைப் பெறுவதற்குத் தொடர்வாயில் இயக்கி எழும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே தற்காலிகமான ஒரு குரலை வழங்கும் சொல் 'ஏர்லிகொன்' என்பது. அந்த ஒரு சொல்லைத் துண்டுச் சீட்டிற் சேர்த்தோம். மூன்று புள்ளிக்குப் பின் வரிகள் அருவிபோல் இறங்கின. பலகை சாகவில்லை. முழு மூச்சாய் ஓடி, எங்கோ தடுக்கி விழுந்து, விழுந்த கதையையும் தானே சொல்லியிருக்கின்றது; கேட்பாரில்லாத வாயிலிற் சொல்லியிருக்கின்றது.

இளைஞர் கடைசி வரிக்குத் தாவினார். கடைசி வரி எப்போதும் கவர்ச்சியுடையது, பேரிடியைச் சொல்வது. ஆயினும் நோய் பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்குமாறு கேட்டுக்கொண்டேன். சிறிது நேரத்தில் அவரே கண்டுபிடித்தார். "ஐயா, சீட்டிலே ஓ எண்டு கிடக்குது, இங்கே இயக்கி எஸ் எண்டு சொல்லுது!" என்றார். தொலைபேசித் தகடுகளின் பொடி எழுத்துக்களைப் படித்துப் பழகிய கண்ணல்லவா!

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. துண்டுச் சீட்டில், பேச வேண்டிய வாயிலின் பெயர் 'டி.டி.வை.ஓ. பூச்சியம்' என எழுதப்பட்டிருந்தது. புதிய கருவின் இயக்கியோ அதே வாயிலுக்கு 'டி.டி.வை.எஸ். பூச்சியம்' என்று பெயர் சூட்டியிருந்தது. ஓமாப் என்னும் சில்லுக் குடும்பத்தின் தொடர்வாயிலுக்கு முன்னர்த் தனியான ஓர் இயக்கி இருந்தது. அது தனக்கென ஓகார எழுத்தை வைத்துக்கொண்டது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 3.19 பதிப்பிலே, அக்குடும்பத்தையும் பொதுவான இயக்கியின் கீழ்க் கொண்டுவரும் வழி பிறந்தது. பொதுக் குடும்பத்தில் அனைவரும் எஸ். வாயில் அதுவே, கம்பி அதுவே. பெயர் மட்டும் வேறு. பழைய பெயரைப் புதியதாக மாற்றி உணரும் ஒரு சிறு வசதியும் கருவில் உண்டு. நாம் பெற்ற கருவில் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. சீட்டில் ஓர் எழுத்தைத் திருத்தினோம். பலகைக்கு முறையான குரல் வந்தது.

இனிக் கடைசி வரிகளுக்கு வருவோம். வேர்க் கோப்புமுறையைத் திறக்க இயலவில்லை என்று சொல்லிக் கரு விழுந்து கிடந்தது. இந்நிலைக்கு வல்லுநர் வைத்திருக்கும் பெயர் 'பீதி'. பீதியிலும் அது பண்பு தவறவில்லை. தன் கண்ணுக்குத் தென்படும் பகுதிகள் இவை என்று ஒரு பட்டியலும் தந்தது. அப்பட்டியலில் எமது அட்டை இருந்தது. சீட்டில் அதன் எண் பூச்சியம், பட்டியலில் ஒன்று. பலகையில் ஒட்டப்பட்ட நினைவகம் ஒன்றும், செருகிய அட்டை ஒன்றுமாக இரண்டு உண்டு. அண்மைய கருக்கள் நேரத்தை மிச்சப்படுத்த இத்தகைய சாதனங்களை ஒரே வேளையிற் தட்டியெழுப்புகின்றன. ஆதலின் முன்னர்ப் பூச்சியமாக இருந்தது பின்னரும் பூச்சியமாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வரிசை எண்ணை நம்பாது, அந்தப் பகுதிக்கே உரிய தனி அடையாள எண்ணைச் சீட்டில் எழுதினோம். வரிசையில் எங்கே நின்றாலும் அடையாளம் மாறாதன்றோ? பலகை இறுதிவரை எழுந்தது. புதிய மோடமும் அடையாளங் காணப்பட்டது.

ஆயினும் நீர்மட்டம் பதிவாகவில்லை. உணரியின் கம்பி பலகையின் ஓர் ஊசிக்காலிற் பொருந்தியுள்ளது. எமது பழைய நிரல் அக்காலை 48 என்று அழைத்தது. புதிய கருவோ 48 என ஒன்றில்லை என்றது. 2023இன் தொடக்கத்தில் வெளிவந்த 6.2 பதிப்பு முதல், இத்தகைய கால்களுக்குக் கரு தானே எண் வழங்கும்போது 512 இலிருந்து மேனோக்கி எண்ணத் தொடங்குகின்றது. பலரும் அறிந்த இராஸ்பெரி பை 4 பலகையிலும் 17 என்ற கால் இவ்வாறே 529 ஆயிற்று. உலகெங்கும் எத்தனையோ பேர் கம்பியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருப்பர். குறை கம்பியில் இல்லை. எண்ணைக் கூட்டிப் போட்டு வேலையை முடிக்கலாம். ஆனால் நாளைக்கு அதுவும் மாறலாம். கால்களைப் பெயரால் அழைக்கும் முறையொன்று 2016இல் வந்த 4.8 பதிப்பிலிருந்தே கருவில் இருக்கின்றது. சாதன மரத்தில் அக்காலுக்குப் பெயரிட்டு, நிரலையும் பெயராற் கேட்குமாறு திருத்தி எழுதினோம். நீர்மட்டம் பதிவாயிற்று.

மூன்று இடர்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகின்றது. எந்த உறுப்பும் கெடவில்லை. வாயில் இருந்தது, அட்டை இருந்தது, கால் இருந்தது. அவற்றை நாடிச் சென்ற முகவரி மாத்திரமே பழையதாகிவிட்டது. புதிய கரு வந்தால் எல்லாம் உடைந்துபோகும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். உடைந்தது எது, இடம் பெயர்ந்தது எது என்று பிரித்தறிந்தாற் பாதி அச்சம் அகலும்.

இதற்குக் கருவை ஆக்குவோரைக் குறை கூறலாமா? மேலே ஓடும் நிரல்களை முறிக்கலாகாது என்பதை டோர்வால்ட்ஸ் கடுமையான விதியாகவே வைத்திருக்கின்றார். இருபது ஆண்டுக்கு முன் ஆக்கிய நிரலும் இன்றைய கருவில் ஓடுவதற்குக் காரணம் அவ்விதியே. ஆனால் வரிசை எண்கள் அந்த வாக்குறுதியின் கண்டிப்பான எல்லைக்குள் வரவில்லை. எது முதலில் எழுகின்றதோ அது பூச்சியம் என்பது அக்கணத்து நிகழ்ச்சி. அதனைப் பெயரென்று கொண்டது பயன்படுத்துவோர் வழக்கம். சாதன மரக் கோப்புகளும் இவ்வாறே இடம் மாறின. ஒரே அடுக்கிற் குவிந்து கிடந்த 32 பிற்று ஆம் பலகைகளின் கோப்புகள், 2023 ஆகஸ்டில் வந்த 6.5 பதிப்பிலே நிறுவனம் வாரியாகத் தனித்தனி அடுக்குகளுக்கு மாற்றப்பட்டன. பழைய அடுக்கிலே தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். வீட்டை ஒழுங்குபடுத்தினாற் கரண்டி இருந்த இடம் மாறத்தான் செய்யும்.

மற்றொரு பக்கமும் உண்டு. பலகை விற்போரிற் சிலர், பொதுக் கருவின் ஒரு பிரதியை எடுத்துத் தம் வசதிக்கேற்ப வெட்டி ஒட்டி, அதனோடு நின்றுவிடுகின்றனர். தாம் செய்த திருத்தத்தைப் பொதுவிற் சேர்ப்பதில்லை. பொதுக் கரு ஆண்டுதோறும் நடந்துகொண்டே போகும்; தனிப் பிரதி நின்ற இடத்திலேயே நிற்கும். ஏழாண்டு கழிந்து அதனைப் புதுப்பிக்க முற்படுபவன் ஏழாண்டு மாற்றத்தையும் ஒரே நாளிற் சந்திக்க நேரும். ஊருணியிலே நீர் மொள்ளும் ஊரார் அதனைத் தூர்வாரவும் வர வேண்டும் என்பது பழைய நியாயம். அது கணினி உலகிற்கும் பொருந்தும்.

இத்தொழிலில் ஈடுபட விரும்பும் நம் இளைஞருக்குச் சில வார்த்தை. பலகை ஊமையானாற் பலகையை மாற்றாதீர்கள்; முதலிற் கேட்பதற்கு வழி செய்யுங்கள். கேட்டதை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் முரண்படும் வரியில் நில்லுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிக் குணமானால் எது மருந்து என்று தெரியாது. வரிகளிலும் விளக்கம் கிட்டாதபோது, வேலை செய்த பதிப்புக்கும் செய்யாத பதிப்புக்கும் நடுவே ஒன்றைப் பரீட்சித்து, பாதி பாதியாக வெட்டித் தேடுங்கள்; ஆயிரம் மாற்றங்களுள் ஒளிந்த குறையையும் பத்துப் பரீட்சையிற் பிடித்துவிடலாம். பழைய கருவை அழிக்காமல் வேறோர் அட்டையில் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

எமது பெட்டியினுள் அத்தகைய தாள் ஒன்று, நனையாத உறையிலே கிடக்கின்றது. வாயிலின் பழைய பெயர், புதிய பெயர், அட்டையின் அடையாள எண், ஊசிக்காலின் பெயர், தேதி. கொட்டாஞ்சேனை இளைஞர் தம் கையெழுத்தில் எழுதியது. மழைக்காலம் பிறந்து, கால்வாய் சிவப்புக் கோட்டை எட்டிய ஓரிரவிற் பதினொரு வீடுகளுக்கும் செய்தி சென்றது. கடைசி வீட்டு மூதாட்டியை ஒழுங்கைப் பிள்ளைகள் ஆறுதலாக மாடிக்குத் தூக்கிச் சென்றனர். அன்று நீர் வாசற்படிவரை வந்து திரும்பிற்று. இன்னும் சில ஆண்டில் வேறொரு கரு வரும். வேறொருவர் அப்பெட்டியைத் திறப்பார். அவர் யாராயினும், வாயிலின் பெயரைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை.